யார் வீட்டு லாக் பின்

என் ஓரகத்தி தெசான்கா ஒரு கோப்பை காப்பியைச் சூடாகக் குடித்து நான் பார்த்ததில்லை. கோப்பையை எடுப்பாள், உதடு வரைக்கும் கொண்டுபோவாள், அதற்குள் ஏதோ ஞாபகம் வந்து எழுந்து போய்விடுவாள். கோழிக்கூட்டுக் கதவு. அடுப்பில் சுட வைத்த குடைமிளகாய். கொடியில் கிடக்கும் துணி. எதுவுமே இல்லையென்றால் டிராக்டருக்குப் பின்னால் கலப்பை மாட்டினபடி இருக்கிறதா என்று பார்க்கப் போவாள். அது நேற்றிலிருந்து கொட்டகையில் அசையாமல் நின்றுகொண்டிருக்கும்.

"நின்னுட்டு இருக்கிற வண்டிக்கு என்னடி ஆகும்?" என்று கேட்டால், "ஒரு தடவை பாத்துட்டா நிம்மதியா குடிப்பேன்கா" என்பாள். திரும்பி வருவாள். ஆறிப்போன காப்பியை அடி வண்டலோடு ஒரே மடக்கில் குடிப்பாள். மறுபடியும் எழுந்துவிடுவாள். அவளோடு உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குக் கழுத்து வலிதான் மிச்சம்.

பிறவியிலேயே அப்படி. கல்யாணத்தன்று பாதி விருந்தில் மணப்பெண்ணைக் காணோம் என்று கலவரமாகிவிட்டது. டிரம்பெட் ஊதுகிறவன் ஊதுவதை நிறுத்திவிட்டான். தேடிப் போனால், வெள்ளைக் கவுனைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிரெய்லர் மேல் நிற்கிறாள். சீர்வரிசை பீரோவைக் கட்டியிருந்த கயிறு தளர்ந்திருக்கிறதாம், இறுக்கிக்கொண்டிருக்கிறாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவள் பீரோ கண்ணாடி கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. என்னுடையது நான் வந்த அன்றே வழியில் தூளாகிவிட்டது, அதை யாரும் பேசுவதில்லை.

டவுனில் ரொட்டி ஆலை மூடுகிறவரைக்கும் அங்கே வேலை பார்த்தாள். விடிவதற்கு முன் பஸ் ஏறவேண்டும். பஸ் நிறுத்தம் வரை போய்விட்டு, வாசல் பூட்டினோமா என்று திரும்பி வந்து, அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போவாள். மகள் வியன்னாவில் இருக்கிறாள். போனில் பேசும்போதும் நடந்துகொண்டேதான் பேசுவாள். "அம்மா, ஒரு இடத்துல நில்லு, எனக்குத் தலை சுத்துது" என்று மகள் அங்கேயிருந்து திட்டுவது எங்கள் வீட்டுக்குக் கேட்கும். இரண்டு வீடும் ஒரே முற்றத்தில்தான் இருக்கின்றன.

இவளுடைய இந்தக் குணம் எல்லாம் வந்து ஒரு விரல் நீள இரும்பில் சிக்கிக்கொண்டது எங்கள் மாமனார் செய்த வேலையால்.

மாமனார் கண்ணை மூடுவதற்கு முன் சொத்தைப் பிரித்தார். டிராக்டர் மூத்தவருக்கு, அதாவது என் வீட்டுக்காரர் புதிமிருக்கு. கலப்பை, சட்டிக்கலப்பை, டிரெய்லர் என்று பின்னால் மாட்டுகிற அத்தனையும் இளையவன் விதோயேவுக்கு, அதாவது தெசான்காவின் புருஷனுக்கு. "இனிமே ஒருத்தனை விட்டு ஒருத்தன் உழ முடியாது பாத்துக்கோங்க" என்று மருமகள்கள் இரண்டு பேரிடமும் சொல்லிச் சிரித்தார். பெரிய ராஜதந்திரம் செய்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. லாக் பின் யாருக்கு என்று மட்டும் சொல்லாமல் போய்ச் சேர்ந்தார்.

டிராக்டரின் முதுகுப் பக்கம் இரண்டு இரும்புக் கைகள் உண்டு. கலப்பையின் இரண்டு பக்கமும் இரண்டு முளை நீட்டிக்கொண்டிருக்கும். கையின் ஓட்டையை முளையில் நுழைத்து, முளை நுனியில் இருக்கிற துளையில் லாக் பின்னைச் செருகி, அதன் வளையத்தைத் தட்டி மூடவேண்டும். மேலே நடுவில் இன்னொன்று. அவ்வளவுதான். அந்தப் பின் இல்லையென்றால் குலுக்கலில் கை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து முளையை விட்டுக் கழன்றுவிடும். எங்கள் நிலமோ டான்யூப் ஆற்றுக்கு மேலே சரிவில் தொங்குகிறது, உழுதால் மண்ணைவிடக் கல்தான் அதிகமாகப் புரளும்.

மாமனார் போனபின் வந்த முதல் அறுவடைக்குப் பிறகு பழைய பின்கள் தொலைந்துபோயின. முற்றத்தில் நின்று அண்ணனும் தம்பியும் இருட்டுகிறவரை பேசினார்கள்.

"பின்னு செருகுறது முளையில. முளை யாருது? கலப்பையோடது. கலப்பை யாருது?" இது என் வீட்டுக்காரர்.

"பின்னு புடிக்கிறது கையை. கை யாருது? டிராக்டரோடது. டிராக்டர் யாருது?" இது என் கொழுந்தன்.

கூட்டுறவுக் கடையில் ஆணிகளுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா நிறைய அந்தப் பின் கிடக்கிறது. ஒருவரும் வாங்கவில்லை. வாங்கினால் தோற்றதாக அர்த்தம். எங்கள் ஊரில் வீம்புக்குப் பஞ்சமே கிடையாது. வேலிக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று தகராறாகி, ஒரு பக்கம் பச்சை மறு பக்கம் நீலம் என்று வேலி வைத்திருப்பவர்கள் இங்கே உண்டு. ஆனால் பெற்ற அப்பனுக்கு ஒன்றாகச் சவப்பெட்டி தூக்கியவர்கள் இந்த இரும்புத்துண்டுக்காகப் பேச்சை நிறுத்துவார்கள் என்று நான் நினைக்கவில்லை. நிறுத்திவிட்டார்கள். வளைத்த ஆணியையும் கம்பியையும் வைத்து ஓட்டினார்கள். ஒருமுறை மரக்கரண்டிக் காம்பை ஒடித்துச் செருகியிருந்தார்கள். அது என் கரண்டி.

தெசான்காதான் ஒருநாள் வேலை விட்டு வரும்போது மூன்று பின் வாங்கிக்கொண்டு வந்தாள். எந்த வீட்டிலும் வைக்கவில்லை. தன் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். வண்டி கிளம்பும்போது அவளே வந்து மாட்டுவாள், வேலை முடிந்ததும் கழற்றிக்கொண்டு போவாள். அவள் நடந்தால் பையில் கிணுகிணு என்று சத்தம் வரும். யாருக்கும் தோல்வியில்லை, உழவு நடந்தது.

உழவு நடந்த விதத்தைத்தான் நீங்கள் பார்த்திருக்கவேண்டும். கூர்மையான வட்டத் தகடுகள் சுழலும் சட்டிக்கலப்பை மண்ணில் ஆழமாக இறங்க மேலே பாரம் வேண்டும். மற்றவர்கள் கல்மூட்டை வைப்பார்கள். விதோயே தானே ஏறி நிற்பான். "என் கலப்பைக்கு நானே பாரம்" என்பான். முன்னால் அண்ணன் ஓட்ட, பின்னால் தம்பி சுழலும் சட்டிகளுக்கு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடியபடி நிற்க, பக்கத்தில் தெசான்கா கட்டிகளில் தடுக்கித் தடுக்கி நடப்பாள்.

"தெசான்கா, வலது பக்கம் ஆழம் பத்தலைன்னு அவன்கிட்ட சொல்லு."

"எனக்குக் காது நல்லாத்தான் இருக்குன்னு சொல்லு தெசான்கா."

"காது இருந்தா போதுமா, புத்தியும் இருக்கான்னு கேளு."

இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு கை தூரம்தான் இருக்கும். பக்கத்து வயல்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். "என்ன தெசான்கா, டிராக்டருக்கு மூக்கணாங்கயிறு கட்டிப் புடிச்சுட்டுப் போறியா?" என்று கேட்பார்கள். அவள் கண் பின்னின் மேலேயே இருக்கும்.

அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. ஒருமுறை பிளம் தோப்பில் ஓட்டும்போது ஏதோ வேர் பின்னின் வளையத்தில் மாட்டித் திறந்துவிட்டது. பின் தெறித்தது. இடது இரும்புக்கை கழன்று, சட்டிக்கலப்பை ஒரு பக்கமாகச் சுழன்று பெரிய டயரைக் கடித்தது. விதோயே கிளையைப் பிடித்துத் தொங்கினான், அதனால் கால் தப்பியது. "பிளம் பறிக்க ஏணி மிச்சம்" என்று அங்கேயே ஜோக் அடித்தான். ஊரே சிரித்தது. தெசான்கா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அந்தச் சட்டிகள் ஒருநாள் புருஷனை அறுக்கத்தான் போகின்றன என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியை நிறுத்தச் சொல்லி, குனிந்து, மூன்று வளையத்தையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விடுவாள். என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார். எனக்கும் எரிச்சல் வரும். ஒரு ஏக்கர் ஓட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

இந்த வருடம் ஐப்பசி முடிவில் கோஷவா காற்று பிடித்துக்கொண்டது. ஜன்னலை இரவும் பகலும் ஆட்டிக்கொண்டு நாள்கணக்கில் வீசியது. நாய்கள் தூங்கவில்லை, மனிதர்களும் தூங்கவில்லை. பிறகு ஒருநாள் விடியற்காலையில் சட்டென்று நின்றுவிட்டது. கோஷவா நின்றால் மழைதான். மேல்வயலில் சட்டிக்கலப்பை ஓட்டி முடித்தால்தான் கோதுமை விதைக்கலாம், மழை முந்திக்கொண்டால் அந்தச் சரிவில் டிராக்டர் ஏறாது. அதே நாள் காலையில் பாதிரியார் வரவேண்டியிருந்தது. எங்கள் குடும்பப் புனிதர் நாளுக்கு ரொட்டி பிசையும் தண்ணீரை ஆசீர்வதிக்க. வீட்டுக்காரி வீட்டில் இல்லாமல் முடியாது. சண்டைக்குப் பிறகு புனிதர் நாளும் இரண்டாகிவிட்டது. ஒரே முற்றத்தில் இரண்டு மெழுகுவத்தி, இரண்டு ரொட்டி, இரண்டு கிண்ணம் தண்ணீர். விருந்தாளிகள் இங்கே சூப்பும் அங்கே இறைச்சியுமாகச் சாப்பிட்டுத் திணறுகிறார்கள்.

தெசான்கா வயலுக்குப் போக முடியாது. தரையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள், பின்களை எடுத்து விதோயேவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"இன்னைக்கு நீங்களே மாட்டிருங்க. வளையத்தை நல்லாத் தட்டி மூடுங்க. கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. சாமி வந்துருவாரு, உள்ள போ."

அவர்கள் கிளம்பிப் போனார்கள். எங்கள் வீட்டுக்குத்தான் பாதிரியார் முதலில் வருவார், மூத்தவர் வீடு என்ற முறையில். வந்தார். காலைத் தட்டிவிட்டு, மேஜையில் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் தெளிக்கும் திருநீற்றுப்பச்சிலைக் கொத்தை வைத்தார், சிலுவையை வைத்தார், அங்கிப் பைக்குள் கையை விட்டு இன்னொன்றையும் எடுத்து வைத்தார்.

"ரோட்டுல கெடந்துச்சு பெர்சா. யாரு டயராவது குத்திரும்னு எடுத்துட்டு வந்தேன். உங்க ஊட்டுதா?"

வளையத்தோடு பளபளவென்று கிடந்தது லாக் பின். எனக்குச் சட்டென்று உறைக்கவில்லை. அதற்குள் வாசலில் தெசான்கா வந்து நின்றாள். தன் வீட்டில் பாதிரியாருக்காகக் காத்திருக்க முடியாமல், அவர் வந்தாரா என்று எட்டிப் பார்க்க வந்தவள். அவள் கண் நேராக மேஜைக்குப் போனது.

"ஒண்ணுதானா சாமி?"

"ஒண்ணுதான் பாத்தேன். ஏன்மா?"

"மாட்டியிருந்தா ரோட்டுல எப்படி விழும்?" என்று அவள் யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டாள். பின்னை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"தெசான்கா, உன் ஊட்டுத் தண்ணிய என்ன செய்ய?" என்று பாதிரியார் கூப்பிட்டார்.

"அங்கதான் இருக்கு சாமி, ஓடியா போகும்," என்று முற்றத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. நானும் செருப்பைத் தேடாமல் அவள் பின்னாலேயே ஓடினேன். என்னுடையவரும்தானே அங்கே இருந்தார்.

மேல்வயல் வரைக்கும் ஏற்றம். என் வயசுக்கும் உடம்புக்கும் அது ஓடுகிற பாதை இல்லை. காற்று செத்துப்போயிருந்ததால் டிராக்டர் சத்தம் மேலேயிருந்து தெளிவாகக் கேட்டது. கல்லில் சட்டி ஏறும்போது ஒரு கரகரப்பு வரும், ஒவ்வொரு கரகரப்புக்கும் தெசான்கா "ஐயோ" என்று முனகிக்கொண்டே ஓடினாள். வயலுக்குள் நாங்கள் நுழைந்தபோது வண்டி எங்களைப் பார்த்து இறங்கி வந்துகொண்டிருந்தது. பின்னால் விதோயே கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டு நின்றான். தெசான்கா கத்தினாள், டீசல் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அவள் நேராகப் போய் டிராக்டருக்கு முன்னால் கையை விரித்து நின்றுவிட்டாள்.

என் வீட்டுக்காரர் பிரேக்கை மிதித்தார். "சாவுறதுக்கு வேற எடம் கெடைக்கலையா?" என்று கத்தினார்.

அவள் பின்பக்கம் போனாள். நானும் போய்ப் பார்த்தேன். மூன்று துளையும் காலி. ஆணியில்லை, கம்பியில்லை, ஒன்றுமே இல்லை. வலது இரும்புக்கை நகர்ந்து நகர்ந்து முளையின் விளிம்பில் ஒரு நகத்தளவு ஒட்டிக்கொண்டிருந்தது. விதோயே நின்றது சரியாக அதற்கு மேலே.

நடந்தது இதுதான். காலையில் விதோயே பின்களை அண்ணன் கண்ணில் படும்படி மட்கார்டு மேல் 'டங்' என்று வைத்துவிட்டு ஏறி நின்றிருக்கிறான். டிராக்டர்காரன் மாட்டட்டும் என்று. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்திருக்கிறார், 'எனக்கு உத்தரவு போடுகிறானா' என்று அப்படியே வண்டியை எடுத்திருக்கிறார், குலுக்கலில் மூன்றும் வழியில் விழுந்துவிட்டன. வயலுக்குப் போனதும் மட்கார்டு காலியாக இருந்ததைப் பார்த்து இரண்டு பேருமே அடுத்தவன் மாட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டார்கள். இவ்வளவு கிறுக்கனா இருக்கமாட்டான் என்று ஒருவரைப் பற்றி ஒருவர் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தார்கள்.

"அவன் மாட்டலையான்னு கேளு தெசான்கா," என்றார் என் வீட்டுக்காரர். முகம் வெளுத்திருந்தது, வீம்பு மட்டும் போகவில்லை.

"கண்ணுக்கு முன்னாடி வச்சேனே, கை இல்லையான்னு கேளு."

"வச்சா ஆச்சா? வாயத் தொறந்து சொன்னா முத்து உதிர்ந்துருமான்னு கேளு."

"நான் கேக்க மாட்டேன்," என்றாள் தெசான்கா.

அவள் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவள் உள்ளங்கையில் பின்னை வைத்து நீட்டினாள், முதலில் என் வீட்டுக்காரருக்கு, பிறகு தன் புருஷனுக்கு. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் ஸ்டியரிங்கைப் பார்த்தார். தம்பி மலையைப் பார்த்தான். பின் அவள் கையிலேயே இருந்தது.

"எறங்குங்க," என்றாள் புருஷனிடம். அவன் இறங்கினான். அவள் ஏப்ரனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சட்டிக்கலப்பை மேல் ஏறினாள். கழன்றுகொண்டிருந்த பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள். கால் இரண்டும் சட்டிகளுக்கு முன்னால் தொங்கியது.

"ஓட்டுங்க அத்தான். மழை வருது."

"எறங்கு தெசான்கா."

"ஏன்? இந்நேரம் வரைக்கும் அவரை வச்சு ஓட்டுனீங்கள்ல. அவரைவிட நான் பாரம் கம்மியா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "பெர்சா, இவள எறக்கு."

"நான் எதுக்கு எறக்கணும்? சட்டிக்கலப்பை அவங்க ஊட்டுது," என்றேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இந்த மனுஷனோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தியும் அப்போது அவரை அடிக்கவேண்டும்போல இருந்தது.

அவருக்கும் வீம்பு ஏறிவிட்டது. கை கியருக்குப் போனது. பயம் காட்டினால் இறங்கிவிடுவாள் என்று நினைத்திருப்பார். வண்டி ஒரு ஜாண் அசைந்தது. முளையின் விளிம்பில் இரும்பு கிறீச்சிட்டது. தெசான்கா கண்ணை மூடிக்கொண்டாள், இறங்கவில்லை.

"அண்ணே," என்றான் விதோயே. "அண்ணே, வேண்டாம்ணே."

எஞ்சின் நின்றது. என் வீட்டுக்காரர் இருக்கையை விட்டு இறங்கி வந்தார், எங்கள் யாரையும் பார்க்காமல். தம்பி டிராக்டரில் கிடந்த கடப்பாரையைச் சட்டிக்கலப்பைக்கு அடியில் கொடுத்து நெம்பினான். அண்ணன் தோளை வைத்து இரும்புக்கையைத் தள்ளினார். தனியாக ஒருவரால் ஆகிற வேலை இல்லை அது.

"இன்னும் கொஞ்சம் தூக்கு."

"தூக்கியாச்சு."

"பொறு. பொறு. இப்ப."

கை முளையில் ஏறி உட்கார்ந்தது. என் வீட்டுக்காரர் தெசான்காவிடம் உள்ளங்கையை நீட்டினார், அவள் பின்னைக் கொடுத்தாள். துளையில் செருகப் பார்த்தார். பின் நுனி துளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டிக்கொண்டே இருந்தது, உள்ளே போகவில்லை. விதோயே வாங்கிப் பார்த்தான். அவன் கையிலிருந்து மண்ணில் விழுந்தது. எடுத்துத் துடைத்தான், மறுபடி விழுந்தது.

"கை நடுங்குதுடா," என்றார் என் வீட்டுக்காரர்.

"எனக்கு மட்டும் நடுங்கலியா?"

மேலேயிருந்து தெசான்கா பேசினாள். குரலை உயர்த்தவில்லை. "எனக்கு இத்தன வருசமா நடுங்குச்சு. ரெண்டு பேருல ஒருத்தராவது கேட்டீங்களா?"

பெரிய பெரிய துளியாகத் தூறல் விழ ஆரம்பித்தது. நான் போய்ச் சட்டிக்கலப்பை மேல் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.